முடி முளைத்த துப்பாக்கிகள்

கள்ளத் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு கிடையாது, பெயர் கேட்க மாட்டோம், முகம் பார்க்க மாட்டோம், ஒரு துப்பாக்கிக்கு ஒரு சோடி ஆடு என்று போலீஸ் ஜீப் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கருவமலையைச் சுற்றிச் சுற்றி வந்த வருடத்தில் மழை நன்றாகப் பெய்திருந்தது, கேழ்வரகு கதிர் பிடித்திருந்தது, காட்டுப் பன்றிகள் குட்டி குருமானோடு தினமும் இறங்கிக்கொண்டிருந்தன, ஆகவே துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கதிரை எப்படிக் காப்பது என்று நாங்கள் கேட்டோம், கேட்டுக்கொண்டே ஆடுகளையும் பார்த்தோம், கொழுத்த நல்ல ஆடுகள். அதோடு, முந்தைய அறுவடையில் நடந்த ஒன்று எங்கள் எல்லோருடைய நெஞ்சிலும் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. தீர்த்தாயியின் மகள் வெள்ளச்சி, மூன்று வயதுகூட நிறையாதவள், காட்டுக் குடிசையில் அம்மாவின் பக்கத்தில் படுத்திருந்தவள், விடியும் முன்னே எழுந்து கதிருக்குள் நடந்துபோனாள். கதிர் அசைந்தது. பன்றி என்று நினைத்து யாரோ சுட்டார்கள். யார் என்று போலீசுக்குத் தெரியவில்லை, சுட்டவனைத் தவிர எங்களுக்கும் தெரியவில்லை.

புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சுடலைமணி திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். மிரட்டி வாங்க முடியாது என்பதை வந்த வேகத்தில் புரிந்துகொண்டு, உங்கள் வழக்கம் என்ன என்று ஊர்க்கவுண்டரிடம் கேட்டார். எங்கள் மலையில் திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுக்க ஒரு முறை உண்டு, முதுகு காட்டுவது என்று அதற்குப் பெயர். வேடியப்பன் கோயில் மந்தையில் ஊரே கூடும். ஆணும் பெண்ணும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஆளுக்கொரு மூட்டையோடு வருவார்கள். எடுத்தவன் மூட்டையில் எடுத்த பொருள் இருக்கும், எடுக்காதவன் மூட்டையில் விறகோ உலக்கையோ இருக்கும். எல்லோரும் கோயிலுக்கு முதுகைக் காட்டி நிற்க, ஒவ்வொருவராகப் பின்னுக்கு நடந்துபோய் மூட்டையை இறக்கிவிட்டு வந்து வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். திரும்பிப் பார்ப்பவனை வேடியப்பன் பார்த்துக்கொள்வான். சுடலைமணி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, அவரும் முதுகைக் காட்டி நின்றார். அவர் பக்கத்தில் ஏட்டு தணிகாசலம் நின்றார். தலைமுடி கறுத்திருந்த காலத்திலிருந்து எங்கள் ஸ்டேஷனிலேயே இருப்பவர், எங்கள் சண்டைக்கும் சமாதானத்துக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் அவரை விட்டால் ஆள் கிடையாது. வெயிலில் நின்றது பிடிக்காமல் அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். தீர்த்தாயியும் வந்தாள், கம்பளிக்குள் ஒரு கேழ்வரகுத் தட்டைக் கட்டோடு. எங்களோடு சேர்ந்து அவளும் முதுகைக் காட்டித்தான் நின்றாள்.

திரும்பியபோது மந்தையில் ஒரு குவியல் கிடந்தது. நீளக் குழல், குட்டைக் குழல், தேக்குக் கட்டை, பலாக் கட்டை, பித்தளைக் கம்பி சுற்றியது, அரக்கு பூசியது, நடுவே உலக்கை, விறகு, ஒரு தட்டைக் கட்டு. ஆடுகளும் அதே முறையில் கைமாறின. மறுநாள் யார் யார் வீட்டில் புது ஆடு கத்துகிறது என்பது மலை முழுக்கக் கேட்டது. நாங்கள் கேட்காத மாதிரி இருந்துகொண்டோம்.

துப்பாக்கிகளை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார்கள். கீழே நகரத்தில் இருக்கும் உருக்காலைக்குக் கொண்டுபோக லாரி வர வேண்டும். லாரி வந்தால் டீசல் இருக்காது, டீசல் இருந்தால் டிரைவர் இருக்க மாட்டார். அப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கொட்டகையைப் பெருக்கப் போன பெண் காவலர் அமுதவல்லி துடைப்பத்தோடு திரும்பி வந்து, துப்பாக்கிகளுக்கு ரோமம் முளைத்திருக்கிறது என்றாள்.

"ஈரம் ஏறியிருக்கும். பூஞ்சாணமா இருக்கும்மா, வேப்பெண்ணெ தடவு" என்றார் ஏட்டு, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடி.

"பூஞ்சாணம் இல்ல சார். ஒண்ணுல பன்னி மயிரு இருக்கு. இன்னொண்ணுல முயலு."

போய்ப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரிதான். எந்தத் துப்பாக்கி எதைக் கொன்றதோ அதன் ரோமம் அந்தக் குழலில் முளைத்திருந்தது. பன்றி கொன்றதில் கறுத்த முரட்டு ரோமம் விறைத்து நின்றது, முயல் கொன்றது தொட்டால் மெத்தென்றிருந்தது, புள்ளிமான் கொன்றதில் புள்ளி தப்பாமல் விழுந்திருந்தது, மயில் கொன்றது கொட்டகையின் மூலையில் தோகையைப் பாதி விரித்துக்கொண்டு கிடந்தது. நிறையக் கொன்ற துப்பாக்கியில் ரோமம் அடுக்கடுக்காக, பட்டை பட்டையாக இருந்தது. ஒன்றையும் கொல்லாத ஒரே ஒரு துப்பாக்கி வழுவழுவென்று வெட்கப்பட்டுக் கிடந்தது. அது யாருடையது என்பதும் எங்களுக்குத் தெரியும், அவர் வாய்ச்சவடால் வேட்டைக்காரர், அதற்குப் பிறகு பல நாள் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

இப்படியும் நடக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை, முளைத்தது முளைத்துவிட்டது, அடுத்து என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது. ஸ்டேஷனில் தினமும் காலையில் ரோமம் கூட்டி அள்ளும் வேலை ஒன்று புதிதாகச் சேர்ந்தது. சோற்றில் ரோமம் விழுகிறது என்று சமையல்காரர் சண்டை போட்டார். காட்டிலாகா ரேஞ்சர் ஜீப்பில் வந்து, மயிலுக்கும் மானுக்கும் தனித்தனி வழக்குப் போட வேண்டும், ஆட்கள் யார் என்று கேட்டார். முதுகு காட்டி வாங்கியது, முகம் தெரியாது என்று சுடலைமணி சொல்ல, ரேஞ்சர் கோபித்துக்கொண்டு நாலு மயில் இறகைப் பிடுங்கிக்கொண்டு போனார். மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்து கொட்டகை ஜன்னலில் நின்று பார்த்தார்கள். ஒரு துப்பாக்கியில் செவலை மாட்டு ரோமம் இருப்பதைக் கண்டு, சிறுத்தை அடித்துவிட்டது என்று புருஷன் சொன்ன தன் கறவை மாட்டை அடையாளம் தெரிந்துகொண்ட ஒருத்தி, வீட்டுக்குப் போய் உலை வைப்பதை நிறுத்தினாள். ஏட்டு தணிகாசலம் மட்டும் இதில் ஒரு வழி கண்டார். பன்றி ரோமத்தைக் கத்தரித்துக் கத்தரித்து பிரஷ் செய்கிறவனுக்கு எடை போட்டுக் கொடுத்தார். வீணாகப் போவதைக் காசாக்குவதில் அவருக்கு ஒரு கை உண்டு, அதைத் தப்பு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை, நாங்களும்தான் நினைத்ததில்லை.

ரோமம் வெட்ட வெட்டக் குவியல் இளகி, அடியில் இருந்தவை மேலே வந்தன. அப்படித்தான் அது வந்தது. பித்தளைக் கம்பி சுற்றி, அரக்கு பூசிய, குட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று. அமுதவல்லி அதைத் தூக்கியவள், யாரோ சவுரி முடியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். மெல்லிய முடி, செம்பட்டை கலந்தது, நுனியில் சுருண்டது, கழுத்தளவு நீளம். குழலின் அடிப்பக்கம், கட்டையோடு சேரும் இடத்தில், முடி இரண்டு சுழியாகச் சுழித்திருந்தது. அவள் துப்பாக்கியை மெதுவாக, தலை இடிக்காமல் படுக்க வைப்பது மாதிரி, கோணிமேல் படுக்க வைத்தாள்.

மலையில் அப்படிச் செத்த குழந்தை ஒன்றுதான். செய்தி மேலே ஏறியது. புது ஆடு கட்டியிருந்த வீட்டுக்காரன் ஒவ்வொருவனும் தன் ஆட்டை அவிழ்த்துக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கட்டினான். எங்களில் அநேகமாக எல்லா வீட்டிலும் புது ஆடு இருந்தது.

தீர்த்தாயி இறங்கி வந்தாள். மகள் போன பிறகு அவளுக்கு யாரும் இல்லை. புருஷன் கேரளத்து எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்கப் போனவன் திரும்பவில்லை, கூடப் பிறந்தவர்கள் கிடையாது. சுடலைமணி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"அம்மா, நான் மொதல்லயே சொல்லிருதேன். யாரோடதுன்னு கேக்க மாட்டேன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன். அத மீறுனா நாளைக்கி எந்த மலையிலயும் ஒருத்தனும் துப்பாக்கியக் கொண்டாந்து குடுக்க மாட்டான்."

"நான் யாருன்னு கேக்க வரலைங்க சார். நானுந்தான் முதுவு காட்டி நின்னேன்" என்றாள் தீர்த்தாயி. "எம்புள்ளயப் பாக்கணும்."

கொட்டகையைத் திறந்துவிட்டார்கள். அவள் கோணியருகே உட்கார்ந்து, விரலால் முடியை விலக்கி, இரண்டு சுழியையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "ரெட்டச் சுழி சார். நான் எண்ணெ வெச்ச மண்டை, எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு அழுதாள், நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம், கேட்கச் சகிக்கவில்லை.

அவளுடைய துக்கம் இரண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொன்றை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். பிறந்ததெல்லாம் தங்காமல் போய், கடைசியில் தங்கிய குழந்தை வெள்ளச்சி. மூன்று வயது முடிந்ததும் முதல் முடியை வேடியப்பனுக்கு இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அறுவடை முடியட்டும், கையில் தானியம் வரட்டும் என்று இருந்தாள். முடியோடு புதைக்க வேண்டியதாகிவிட்டது. "சாமிக்கு நேந்த முடிய மண்ணுக்குக் குடுத்துட்டேன் சார். அந்தக் கடன் எந்தலை மேலயே நிக்குது. இப்ப அவனே திருப்பிக் குடுத்திருக்கான். இத எறக்காம நீங்க நெருப்புல போடக் கூடாது."

அன்றிலிருந்து மத்தியான வெயில் ஏறியதும் தினமும் வந்தாள். ஈருளியும் சீப்பும் ஒரு சின்னப் புட்டியில் ஆமணக்கெண்ணெயும் கொண்டுவந்து, துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு சிக்கெடுத்தாள். முடி வளர்ந்துகொண்டே இருந்தது. இறுக்கிப் பின்னினால் குழந்தைக்கு வலிக்கும் என்று தளரப் பின்னினாள். காவலர்கள் அந்த நேரத்தில் கொட்டகைப் பக்கம் சத்தமாகப் பேசுவதை நிறுத்தினார்கள். ஏட்டு தணிகாசலம் அவளுக்குத் தினமும் ஒரு டீ சொல்லி அனுப்பினார், அதையும் சொல்ல வேண்டும். வெள்ளச்சியின் உடம்பைக் கதிருக்குள்ளிருந்து தூக்கி ஜீப்பில் வைத்தவர் அவர்தான். அன்று அவர் அழுததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆனால் நாங்கள் பயந்துபோயிருந்தோம், பயந்தவன் நல்லவனாக இருப்பது கஷ்டம். ஊர்க்கவுண்டரை அனுப்பி, துப்பாக்கிகளைச் சீக்கிரம் கீழே அனுப்பிவிடுங்கள், கண்ணில் படப்பட ஊர் கெட்டுப்போகும் என்று சொல்லச் சொன்னோம். சுடலைமணி மேலதிகாரிக்குப் போன் செய்தார். ஒரு குழந்தை சாவுக்கான துப்பு இந்தத் துப்பாக்கியில் இருக்கிறது, வைத்துக்கொண்டால் சத்தியம் என்னாவது, உருக்கிவிட்டால் நியாயம் என்னாவது என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் அறை முழுக்கக் கேட்டது. "முடிய வெச்சு எந்த கோர்ட்ல கேஸ் நடத்துவே? சவரம் பண்ணி அனுப்புய்யா."

லாரிக்கு நாள் குறித்தாகிவிட்டது. தீர்த்தாயி அதற்கு முந்தைய மத்தியானத்தைக் கேட்டாள். ஆயுதத்துக்கு மொட்டையா, பத்திரிகைக்காரன் கேட்டால் சிரிப்பான் என்று ஏட்டு சொன்னார். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான் என்றார் சுடலைமணி.

ஸ்டேஷன் வாசலில் இருந்த புங்க மரத்தடியில் சாணி தெளித்துக் கோலம் போட்டார்கள். வேடியப்பன் கோயிலிலிருந்து பூசாரி திருநீறும் சந்தனமும் தண்ணீரும் கொண்டுவந்தார். அடிவாரத்து முடிதிருத்துபவர் காளப்பன் புதுப் பிளேடு மாட்டிக்கொண்டு வந்தார். ஊரே இறங்கி வந்தது, வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று ஆகிவிடும். தீர்த்தாயி துப்பாக்கியை ஒரு புதுத் துண்டில் சுற்றி, முடி வெளியே விழ, தோளில் சாய்த்து எடுத்து வந்தாள். காளப்பன் ஆயிரம் குழந்தைக்கு மொட்டை அடித்த பழக்கத்தில், பிளேடைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே கேட்டார்.

"தாய்மாமன் எங்கம்மா? உக்காரச் சொல்லு, மடியில வாங்கட்டும்."

அதை யாரும் யோசிக்கவில்லை. முதல் முடி தாய்மாமன் மடியில்தான் இறக்க வேண்டும். தீர்த்தாயிக்கு அண்ணன் தம்பி இல்லை. இல்லாதவர்களுக்கு ஊரில் ஒருவன் அண்ணனாக உட்காருவது எங்கள் வழக்கம்தான், ஒரு தரம் உட்கார்ந்துவிட்டால் சாகும்வரை அவன் அண்ணன்தான், சாதாரண நாளாக இருந்தால் போட்டி போட்டு உட்காருவோம். அன்று ஒருவரும் அசையவில்லை. மடியில் வாங்கும்போது கை நடுங்கினால் இவன்தான் சுட்டவன் என்று ஆகிவிடும். நடுங்காவிட்டால் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சன், இவனேதான் என்று ஆகிவிடும். சுடாதவனும் பயந்தான். ஆண்கள் அத்தனை பேரும் தரையில் எதையோ தவறவிட்டவர்களாகக் குனிந்து நின்றோம், எங்களைப் பெற்றவர்கள் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார்கள்.

சுடலைமணி பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். தீர்த்தாயி தலையை ஆட்டினாள்.

"நீங்க வேண்டாம் சார். நீங்க எம்புள்ளயப் பாத்ததில்ல." அவள் ஏட்டு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "ஏட்டய்யா உக்காரட்டும். அன்னிக்கு ஊரே தள்ளி நின்னுச்சு, அவருதான் கையில தூக்குனாரு. நீங்க உக்காருங்கய்யா."

ஏட்டு கண்கலங்கிப்போனார். பொய்யில்லை, நிஜமாகவே கலங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்துச் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையை நீட்டித் துப்பாக்கியை மடியில் வாங்கிக்கொண்டார். இரண்டு சுழியும் அவர் முழங்கைக்குள் அடங்கின. காளப்பன் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். பூசாரி மணி அடித்தார். முதல் கற்றை விழுந்தது. தீர்த்தாயி முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டாள், ஒரு முடி தரையில் விழவில்லை.

முடி போகப் போக அரக்கும் போயிற்று. வேர் உள்ளே ஓடி ஓடி அரக்கு இளகியிருந்தது, தண்ணீர் பட்டதும் பிளேடோடு சேர்ந்து தகடு தகடாக உரிந்து வந்தது, அடியில் குழலின் வெறும் இரும்பு தெரிந்தது. சுழி இருந்த இடத்தை மழித்து முடித்துக் காளப்பன் கையால் துடைத்தபோது, இரும்பில் உளியால் வெட்டிய எழுத்தும் எண்ணும் தெரிந்தன. தணிகாசலம் சட்டென்று அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கைய எடுங்கய்யா, அங்க இன்னும் பிசிறு இருக்கு" என்றார் காளப்பன்.

அவர் எடுக்கவில்லை. தீர்த்தாயிக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒருவர் எதையோ மறைக்கிறார் என்பதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம்.

"என்ன எழுதியிருக்கு சார்?" என்று சுடலைமணியிடம் கேட்டாள்.

சுடலைமணி குனிந்து, "கைய எடுங்க ஏட்டையா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கை விலகியது. அவர் படித்தார், இன்னொரு முறை படித்தார். கம்பெனி பெயர் என்று சொல்லியிருக்கலாம். செய்தவன் பெயர் என்று சொல்லியிருக்கலாம். எங்களில் பாதிப் பேர் அவர் ஒரு பொய்யைச் சொல்லி இதை முடித்துவிட மாட்டாரா என்றுதான் ஏங்கினோம்.

"நம்ம ஸ்டேஷன் பேரு இருக்கும்மா" என்றார். "பக்கத்துல ஒரு நம்பர். ஒப்படைச்ச துப்பாக்கிக்கு ஸ்டேஷன்ல வெட்டுத நம்பர். இது இங்கன ஏற்கெனவே ஒருக்கா வந்த துப்பாக்கி."

எங்களுக்கு நினைவு வந்தது. வெள்ளச்சி பிறப்பதற்கு முன்னால் வேறொரு சப்-இன்ஸ்பெக்டர் காலத்தில் இதே மாதிரி ஒரு முறை துப்பாக்கி வாங்கினார்கள். அப்போதும் முதுகு காட்டினோம். அப்போதும் உருக்கிவிடுவோம் என்றுதான் சொன்னார்கள்.

"இந்த வெட்டு யாரு வெட்டுனது?" என்றார் சுடலைமணி.

"நான்தான் சார்." தணிகாசலம் தலை நிமிரவில்லை. "அப்பவும் லாரி வரல சார். வருசக்கணக்குல கொட்டகையில கெடந்துச்சு, மழையில நனஞ்சு கெடந்துச்சு. ஜீப்புக்கு டீசல் போட வழியில்ல. மேல கேட்டேன், நீயே பாத்து முடின்னாங்க. கட்டையெல்லாம் கழட்டி அடுப்புக்குப் போட்டுட்டு, கொழாய எடைக்குப் போட்டேன். இரும்புதான சார். வெறும் இரும்புதான்னு போட்டேன்."

"கொழாய வெட்டிப் போட்டீங்களா?"

"வெட்டுனா வெல கொறையும்னு கடக்காரன் சொன்னான் சார்."

கடைக்காரனிடமிருந்து குழல் துப்பாக்கி செய்கிறவனிடம் போயிருக்கிறது, அவன் புதுக் கட்டை போட்டு, எண்மேல் அரக்குப் பூசி, கம்பி சுற்றி, மறுபடி எங்கள் மலைக்கே விற்றிருக்கிறான், எங்களில் ஒருவன் கதிரைக் காக்க அதை வாங்கியிருக்கிறான். அதை ஒருவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தீர்த்தாயி முந்தானையில் முடியை வைத்துக்கொண்டு நின்றாள். கத்துவாள் என்று நினைத்தோம், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தோம், அப்படிச் செய்திருந்தால் எங்களுக்கும் நெஞ்சு கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்து, மொட்டை அடித்த குழல் முழுக்கச் சந்தனம் பூசினாள். ஏட்டின் விரல்கள் இடையில் இருந்தன, அவற்றின்மேலும் பூசினாள்.

"ஆயிருச்சுண்ணே" என்றாள் அவரிடம். "எந்திரிங்க. கால் மரத்திருக்கும்."

சுடலைமணி லாரியை நிறுத்தினார். கீழேயிருந்து வெல்டிங் கடைக்காரனை கேஸ் கட்டரோடு வரவழைத்து, ஸ்டேஷன் முற்றத்தில் எங்கள் எல்லோர் கண்ணெதிரே, ஒவ்வொரு குழலையும் விரல் நீளத் துண்டு துண்டாக வெட்டி, குதிரையையும் விசையையும் சுத்தியலால் சப்பையாக்கி, கட்டைகளைக் கோடாலியால் பிளந்து, அதற்குப் பிறகுதான் ஏற்றினார். வெட்டி முடிக்க இரண்டு மத்தியானம் ஆனது. ரோமம் பொசுங்கிய நாற்றம் மலை உச்சி வரை அடித்தது. அவ்வளவுதான் வேலை. ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு ஆள், இரண்டு மத்தியானம். அதை அன்றே செய்திருந்தால் ஒரு குழந்தை இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும், நினைத்தால் வயிறு எரிகிறது. ஏட்டு மேல் விசாரணை வந்தது, பழைய இரும்பை விற்றதில் விதிமீறல் எதுவும் இல்லை என்று முடிந்தும் போனது. சுட்டவன் எங்களுக்குள்தான் இருக்கிறான். அவன் ஆடுகள் குட்டி போட்டிருக்கும். திருவிழாவில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், எந்த இலை என்று தெரியாமல் நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

வேடியப்பனுக்கு முடி போய்ச் சேர்ந்தது, கடன் தீர்ந்தது, இதோடு முடிந்தது என்றுதான் இருந்தோம். ஆனால் மொட்டை அடித்த தலையில் முடி மறுபடி முளைக்காமல் இருக்குமா? கொஞ்ச நாளில் ஏட்டு தணிகாசலம் வலது கையைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு டியூட்டிக்கு வந்தார். காயமா என்று கேட்டால் ஆமாம் என்றார். அமுதவல்லி கொட்டகைச் சாவியைக் கேட்டபோது அவர் தரவில்லை, இழுபறியில் கைக்குட்டை அவிழ்ந்தது. சாவியில் முடி முளைத்திருந்தது. மொட்டைக்குப் பிறகு வரும் பூனை முடி, செம்பட்டை, வளையத்தருகே இரண்டு சுழி. அமுதவல்லி கையில் வாங்கியதும் அது வெறும் இரும்புச் சாவியாக இருந்தது. அவர் கைக்குத் திரும்பியதும் மறுபடி முளைத்தது. பூட்டை மாற்றிப் பார்த்தார், புதுச் சாவியில் முளைத்தது. இடமாற்றம் கேட்டார், கிடைக்கவில்லை. வேலையை விட்டால் பென்ஷன் போய்விடும்.

செய்தி தீர்த்தாயிக்கு எட்டியது, எட்டாமல் இருக்குமா. மத்தியான வெயில் ஏறியதும் சீப்பும் ஆமணக்கெண்ணெய்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஏட்டு தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்த நேரம். அவரைக் கண்டபடி ஏசப்போகிறாள் என்று காவலர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் ஏசவில்லை. பெஞ்சில் அவர் பக்கத்தில், கூடப் பிறந்தவன் வீட்டுக்கு வந்தவள் உட்காருகிற உரிமையோடு உட்கார்ந்து, மடியைச் சரிசெய்துகொண்டு, சாவியிருந்த கையை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள்.

"சாப்புடுங்கண்ணே" என்றாள். "அதுவரைக்கும் புள்ளய எங்கிட்டக் குடுங்க."